இறாலின் வாலும் நண்டின் கண்ணும்: நரம்பியல் வரலாற்றில் ஒரு கரையோரப் பக்கம்

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிக்கோட்டா தீவு நீளமாகக் கிடக்கிறது. இங்குள்ள மீனவ ஊர்களின் பிழைப்பு பெரும்பாலும் இறாலும் நண்டும் மடவையும்தான். எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை விரிக்கலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் இந்த ஊர்களில் தலைமுறைகளாக இருந்துவருகிறது. ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் இருளர் மக்கள் வலையே இல்லாமல், ஓலையால் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள்.

கையால் தடவி இறால் பிடிப்பது பார்க்க எளிது, செய்யக் கடினம். இறால் தொட்ட மறுகணமே வாலை வயிற்றுக்கடியில் மடக்கிப் பின்னோக்கிப் பாய்ந்துவிடும். நம் கண் அதைப் பார்த்து முடிப்பதற்குள் அது வேறிடத்தில் இருக்கும். இந்த ஒரு பாய்ச்சலை விளங்கிக்கொள்ள உலகின் பல ஆய்வகங்கள் நூறாண்டுக்கு மேல் உழைத்திருக்கின்றன. நரம்பு எப்படித் தசைக்குக் கட்டளையிடுகிறது, கண் எப்படி உலகை நிலையாகப் பிடித்து வைக்கிறது என்பவை பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் கணிசமான பங்கு இறால், நண்டு, கணவாய் ஆகியவற்றிலிருந்து வந்தது. அந்த ஆய்வுகள் பழவேற்காட்டில் நடந்தவை அல்ல. நேப்பிள்ஸ், பிளிமத், உட்ஸ் ஹோல் போன்ற கடற்கரை ஊர்களிலும், கலிபோர்னியா, ஹார்வர்டு, ஷாங்காய் போன்ற இடங்களிலும் நடந்தவை. ஆனால் ஆய்வு மேசையில் கிடந்தவை பழவேற்காட்டுக் கூடையில் கிடப்பவற்றின் உறவுகளே.

நம் பள்ளிகளில் நரம்பு என்றவுடன் தவளையின் கால்தான் நினைவுக்கு வரும். கால்வானியின் தவளைக்கு உரிய இடத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கடலோரப் பள்ளி மாணவன் வீட்டில் தினமும் பார்க்கும் உயிரியைப் பாடநூல் கண்டுகொள்ளாமல் விடுவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருந்திருக்கிறது.

தொடக்கம்: நன்னீர்ச் சிங்கி இறால்

ஐரோப்பிய ஓடைகளில் கிரேஃபிஷ் எனப்படும் நன்னீர்ச் சிங்கி இறால் ஏராளமாகக் கிடைத்தது. 1880-இல் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி இந்த ஒரே உயிரியைப் பற்றி ஒரு முழு நூலை எழுதினார். ஒரு சாதாரண விலங்கை முறையாகப் படித்தால் விலங்கியல் முழுவதையும் படித்துவிடலாம் என்பது அவர் கருத்து. பின்னாளில் மனப்பகுப்பாய்வால் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்டு, இளைஞராக வியன்னாவில் இருந்தபோது இதே உயிரியின் நரம்புச் செல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1882-இல் கட்டுரை வெளியிட்டார். மனத்தின் ஆழத்தைத் தேடப் போனவர் தொடங்கிய இடம் ஒரு சிங்கி இறாலின் நரம்பு!

1887-இல் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் பீடர்மன், இவ்வுயிரியின் கொடுக்குக்குச் செல்லும் நரம்புகளை ஆராய்ந்தார். ஒரு நரம்பைத் தூண்டினால் தசை சுருங்கியது. இன்னொன்றைத் தூண்டினால் சுருங்கிய தசை தளர்ந்தது. அதாவது, 'செய்' என்று சொல்ல ஒரு நரம்பும் 'நிறுத்து' என்று சொல்ல வேறொரு நரம்பும் தசைக்கே நேரடியாக வருகின்றன. மனிதனிலும் மற்ற முதுகெலும்பிகளிலும் கை, கால் தசைகளுக்கு 'நிறுத்து' நரம்பு தனியாக வருவதில்லை. அந்தத் தடுப்பு தண்டுவடத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. உள்ளே மறைந்து நடப்பதை வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் காட்டியதால்தான் நண்டினம் ஆய்வாளர்களுக்கு அவ்வளவு பயன்பட்டது.

இன்னொரு வசதியும் உண்டு. மனிதக் கையில் உள்ள ஒரு தசையை நூற்றுக்கணக்கான நரம்புச் செல்கள் இயக்குகின்றன. நண்டுக் கொடுக்கை விரிக்கும் தசைக்கோ இயக்கும் நரம்புச் செல் ஒன்றே ஒன்று. அதனுடன் தடுக்கும் நரம்பும் உண்டு. கயிறு கட்டாத கழி நண்டின் கொடுக்கில் விரலைக் கொடுத்தவர்களுக்கு, இவ்வளவு பிடியும் ஒருசில நரம்புச் செல்களின் வேலை என்றால் நம்பக் கடினமாக இருக்கும்.

இந்தத் 'தடுப்பு' ஆய்வுதான் பின்னர் மருத்துவத்துக்கு வந்தது. எர்ன்ஸ்ட் ஃப்ளோரி என்ற ஆய்வாளர் மாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்த சாற்றை, சிங்கி இறாலின் தசை நீட்சியை உணரும் நரம்புச் செல்லின்மேல் இட்டார். அச்செல்லின் துடிப்பு நின்றது. அச்சாற்றில் இருந்த பொருள் காமா அமினோ பியூட்டிரிக் அமிலம், சுருக்கமாக 'காபா', என்று 1957-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் அறிவித்தனர். 1960களில் ஹார்வர்டில் எட்வர்டு கிராவிட்ஸ் குழுவினர், கடல்வாழ் சிங்கி இறாலின் (லாப்ஸ்டர்) தடுப்பு நரம்புகளைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, அவை காபாவைத்தான் வெளியிடுகின்றன என்று காட்டினர். இன்று வலிப்பு நிற்காமல் வருபவருக்கு மருத்துவமனையில் போடப்படும் டயசிபாம், லோரசிபாம் ஊசிகள் மூளையில் இந்தக் காபாவின் செயலைத்தான் வலுப்படுத்துகின்றன.

பாய்ச்சலின் கதை

இனி இறாலின் வாலுக்கு வருவோம். சிங்கி இறாலின் வயிற்றுப்புற நரம்பு வடத்தில், மற்ற இழைகளைவிடப் பலமடங்கு தடித்த சில இழைகள் தலையிலிருந்து வால்வரை ஓடுகின்றன. இவற்றைப் பேரிழைகள் எனலாம். நெதர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய கோர்னெலிஸ் வீர்ஸ்மா, 1947-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய ஒரே இழையில் ஒரே ஒரு மின்துடிப்பை ஏற்படுத்தினால் முழு வால் அடிப்பும் நிகழ்வதைக் காட்டினார். ஒரு விலங்கின் முழுமையான ஒரு செயலை ஒரு தனி நரம்புச் செல் தொடங்கிவைக்க முடியும் என்பதற்குக் கிடைத்த தெளிவான முதல் சான்றுகளுள் இது ஒன்று. 1964-இல் வீர்ஸ்மாவும் இகேடாவும் இப்படிப்பட்ட செல்களைக் 'கட்டளை' நரம்புச் செல்கள் என்று அழைத்தனர். ஒரு செல் கட்டளையிடுகிறதா, அல்லது பல செல்கள் கூடி முடிவெடுக்கின்றனவா என்ற விவாதம் அதன்பின் பல ஆண்டுகள் நடந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பேரிழைகள் இருவகைப்படும். தலைப்பக்கம் தொட்டாலோ, எதிரே ஏதோ ஒன்று சட்டென்று பெரிதாகத் தெரிந்தாலோ, நடுப் பேரிழைகள் துடிக்கும். அப்போது விலங்கு நேர் பின்னோக்கிப் பாயும். வயிற்றுப்பகுதியைத் தட்டினால் பக்கப் பேரிழைகள் துடிக்கும். அப்போது பின்பக்கம் மேலே எழும்பி, விலங்கு குட்டிக்கரணம் போலத் தாவும். பின்னால் ஆபத்து இருக்கும்போது பின்னோக்கிப் பாய்ந்தால் ஆபத்தின் வாயிலேயே போய் விழும் அல்லவா? ஆகவே ஆபத்து எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துத் தசைகளின் சேர்க்கை மாறுகிறது. இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நொடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது? 1950களின் பிற்பகுதியில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எட்வின் ஃபர்ஷ்பான், டேவிட் பாட்டர் இருவரும் இதற்கு ஒரு விடையைக் கண்டனர். நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தில் செய்தி ரசாயனத்தின் வழியாகத்தான் கடக்கிறது என்ற கருத்து அப்போது வலுப்பெற்றிருந்தது. சிங்கி இறாலின் பேரிழை, வால் தசைக்குச் செல்லும் நரம்பைச் சந்திக்கும் இடத்தில் மின்னோட்டம் நேராகவே கடந்து செல்வதை இவர்கள் அளந்து காட்டினர். ரசாயனம் சுரந்து, பரவி, ஒட்டும் நேரம் இதில் மிச்சம். இத்தகைய மின் இணைப்புகள் நம் மூளையிலும் கண் விழித்திரையிலும் உள்ளன என்பது பின்னர் தெரியவந்தது.

இதுவரை சொன்னது ஓடைச் சிங்கி இறாலின் கதை. அது நம் நாட்டு உயிரி அல்ல. பழவேற்காட்டில் கிடைக்கும் வெள்ளை இறாலும் புலி இறாலும் பீனேயிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் நரம்பில்தான் பெரிய வியப்பு காத்திருந்தது.

நரம்பில் செய்தி வேகமாகச் செல்ல இயற்கை இரண்டு வழிகளைக் கையாண்டிருக்கிறது. ஒன்று, இழையைத் தடிப்பாக்குவது. கணவாய் இந்த வழியில் போனது. 1930களில் ஜே. இசட். யங் எடுத்துக்காட்டிய கணவாய்ப் பேரிழை ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்டது. அந்தத் தடிமனால்தான் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1939-இல் பிளிமத் ஆய்வகத்தில் அதற்குள்ளேயே மின்முனையைச் செலுத்தி நரம்புத் துடிப்பை அளக்க முடிந்தது. போர் வந்து ஆய்வு நின்றது. மீண்டும் தொடங்கி 1952-இல் வெளியிட்ட கட்டுரைகளுக்காக இருவரும், எக்கிள்ஸுடன் சேர்ந்து, 1963-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பெற்றனர். இந்த ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, சிங்கி இறாலைப் பற்றி நூல் எழுதிய தாமஸ் ஹக்ஸ்லியின் பேரர். தாத்தா சிங்கி இறாலை எழுதினார், பேரன் கணவாயில் பரிசு பெற்றார்.

இரண்டாவது வழி, மின்கம்பிக்கு உறையிடுவது போல இழையைச் சுற்றி மையலின் உறையைப் போர்த்துவது. உறையில் ஆங்காங்கே இடைவெளி இருக்கும். துடிப்பு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவிச் செல்லும். மனிதன் உள்ளிட்ட முதுகெலும்பிகளின் வழி இது. மையலின் முதுகெலும்பிகளுக்கே உரியது என்று பல மாணவர்கள் இன்றும் எழுதுகிறார்கள். இறாலின் நரம்பு வடத்தில் உறையிட்ட பேரிழைகள் இருப்பதை டபிள்யூ. ஹோம்ஸ் 1942-லேயே விரிவாக விவரித்துவிட்டார்.

பீனேயிட் இறால் இந்த இரண்டு வழிகளையும் ஒருசேரக் கைக்கொண்டது. இழையும் தடிப்பு, உறையும் உண்டு. அதற்கும் மேலாக, உறைக்கும் இழைக்கும் நடுவே கூழ் நிறைந்த ஓர் அகன்ற இடைவெளியும் உண்டு. 1960களில் சீன ஆய்வாளர்களும், ஜப்பானிய இறாலை ஆராய்ந்த குசானோவும் இதன் வேகத்தை அளந்தனர். நொடிக்கு 200 மீட்டர் அளவை எட்டியது. 1999-இல் ஜப்பானிலிருந்து வெளியான சூ, தெரகாவா ஆகியோரின் ஆய்வு, உறையில் உள்ள சாளரம் போன்ற திறப்புகளும் அந்தக் கூழ் இடைவெளியும் சேர்ந்தே இந்த வேகத்தைத் தருகின்றன என்று விளக்கியது. ஒப்பிட்டுப் பாருங்கள். கணவாயின் பேரிழையில் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 25 மீட்டர். மனித உடலின் மிக வேகமான நரம்புகளில் ஏறக்குறைய 120 மீட்டர். விலங்குலகில் இதுவரை அளக்கப்பட்ட மிக விரைவான நரம்புகள் பீனேயிட் இறாலுடையவை.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் இறாலில் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் தலையிலிருந்து வாலுக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? 0.00075 நொடி. அதாவது ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் முக்கால் பங்கு. சேற்றைத் தடவும் கையின் விரலிலிருந்து மூளைக்கு உணர்வு போய், 'மூடு' என்ற கட்டளை திரும்பி வருவதற்குள் இறால் பலமுறை புறப்பட்டுவிடலாம். அப்படியும் இருளர் பெண்களின் பறி நிறைகிறதென்றால், அவர்கள் வேகத்தால் வெல்லவில்லை. இறால் எங்கே பதுங்கும், எந்தப் பக்கம் பாயும் என்பதை முன்கூட்டியே அறிந்து வெல்கிறார்கள்.

நண்டின் கண்

நண்டின் கண்கள் காம்பின் நுனியில் இருக்கின்றன. அந்தக் காம்பு அசையும். 1964-இல் ஏட்ரியன் ஹாரிட்ஜ், டேவிட் சாண்டமன் ஆகியோர் ஐரோப்பியக் கரை நண்டைக் கோடுகள் வரைந்த சுழலும் உருளைக்குள் வைத்து ஆராய்ந்தனர். கோடுகள் மெல்ல நகர்ந்தால் கண்காம்பும் அதே பக்கம் நகரும். ஓர் எல்லைவரை போய்ச் சட்டென்று திரும்பி, மீண்டும் தொடரும். கும்மிடிப்பூண்டி மின்தொடர்வண்டியில் எதிரே சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்களைக் கவனித்தால் இதே அசைவைக் காணலாம். கண் மெல்லப் பின்தொடரும், வெடுக்கெனத் திரும்பும். பிம்பம் விழித்திரையில் வழுக்கிக்கொண்டே போனால் எதையும் தெளிவாகப் பார்க்க முடியாது என்பதால், கண்ணுள்ள விலங்குகள் பலவற்றில் இந்த ஏற்பாடு உண்டு.

நண்டில் இதை ஆராய்வதற்கு ஒரு தனி வசதி இருந்தது. பார்க்கும் கண்ணை அசையாமல் பிடித்துவைத்து, பார்வை மறைக்கப்பட்ட மறுகண் எவ்வளவு அசைகிறது என்று அளக்கலாம். அப்போது கண் தன் அசைவால் பிம்பத்தைத் திருத்திக்கொள்ள முடியாது. எனவே மூளை எவ்வளவு கட்டளை அனுப்புகிறது என்பது கலப்பில்லாமல் தெரியும். வானில் கதிரவன் மணிக்கு 15 பாகைதான் நகர்கிறான். நம் கண்ணுக்கு அது நகர்வதே தெரியாது. அந்த நகர்வுக்கும் நண்டின் கண் நேரடியாகப் பதில் தருவதை ஹாரிட்ஜ் 1966-இல் பதிவு செய்தார். விளக்கை அணைத்து, இருட்டில் காட்சியைச் சிறிது தள்ளி வைத்து, மீண்டும் விளக்கேற்றினால், நண்டின் கண் அந்தத் திசையில் அசைந்தது. முன்பு பார்த்த இடத்தை அது நினைவில் வைத்திருந்தது.

நண்டை ஆய்ந்து சமைப்பவர்கள் கண்களுக்குப் பின்னால் ஓர் இரைப்பையை எடுத்தெறிவார்கள். அதற்குள் பற்கள் உண்டு. அப்பற்களை அசைக்கும் முப்பது சொச்சம் நரம்புச் செல்களை மட்டுமே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து, ஒரு சிறு நரம்பு வலை எப்படிப் பல தாளங்களை உண்டாக்குகிறது என்று காட்டிய ஈவ் மார்டர் 2016-இல் காவ்லி பரிசைப் பெற்றார்.

கண்காம்பும் கத்தரியும்

இறால், நண்டு ஆகியவற்றின் கண்காம்பு வெறும் கண்ணைத் தாங்கும் தண்டு அல்ல. பார்வை நரம்பு முடிச்சுகளும், ஹார்மோன் சுரக்கும் நரம்புச் செல்களும் அதற்குள் உள்ளன. 1905-இல் சார்லஸ் ஜெலனி, கண்காம்பை நீக்கிய நண்டுகள் விரைவில் தோலுரிப்பதைக் கவனித்தார். 1920களின் இறுதியில் பெர்கின்ஸ், இறாலின் நிறமாற்றத்தைக் கண்காம்பில் உள்ள ஒரு பொருள் கட்டுப்படுத்துவதைக் கண்டார். 1943-இல் பிரான்ஸில் பனூஸ், கண்காம்பை நீக்கிய பெண் இறாலில் சினைப்பை வேகமாக வளர்வதைக் கண்டறிந்தார். சினை வளர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது.

பனூஸின் கண்டுபிடிப்பு ஆய்வகத்தோடு நிற்கவில்லை. குளத்தில் அடைத்து வளர்க்கும் பெண் இறால் எளிதில் சினை முதிராது. ஆகவே இறால் பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை வெட்டுவது, நசுக்குவது, அல்லது இறுகக் கட்டுவது உலகெங்கும் வழக்கமாயிற்று. இந்தியாவில் 1970களின் பிற்பகுதியில் கேரளத்தின் நாரக்கலில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் இம்முறையில் இறாலைச் சினை முதிரச் செய்தனர். கிழக்குக் கடற்கரையில் புலி இறால் பண்ணைகள் பெருகிய காலத்தின் பின்னணியில் இந்தச் சிறு வெட்டு இருந்தது.

அந்தப் பண்ணைகள் பழவேற்காட்டையும் தொட்டன. பண்ணைக் கழிவால் நீரும் நிலமும் கெடுகின்றன என்று தொடரப்பட்ட ஜெகந்நாதன் வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் குட்டைகள் அமைக்கக் கூடாது என்று ஏரியின் பெயரைச் சொல்லியே அத்தீர்ப்பு தடுத்தது. பின்னர் 2005-இல் கடலோர நீருயிரி வளர்ப்புக்கெனத் தனிச் சட்டம் வந்தது. 2009 முதல் அமெரிக்க இனமான வன்னாமி இறால் அனுமதிக்கப்பட்டு, பண்ணைகளில் புலி இறாலின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. தாய் இறாலின் கண்காம்பு வெட்டு அதிலும் தொடர்ந்தது.

வெட்டும்போது இறால் என்ன செய்கிறது? வாலை அடிக்கிறது. வீர்ஸ்மா அளந்த அதே தப்பிக்கும் அடிப்புதான், தப்பிக்க இடமில்லாத நிலையில். அது வலியா, வெறும் அனிச்சைச் செயலா என்பதே கேள்வி. பெல்ஃபாஸ்டில் ராபர்ட் எல்வுட் குழுவினர் 2008-இல், உணர்கொம்பில் அமிலம் தடவப்பட்ட இறால் அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொள்வதைப் பதிவு செய்தனர். மின்னதிர்ச்சி கிடைத்த மறைவிடத்தைக் கரை நண்டு தவிர்க்கக் கற்றுக்கொள்வதை 2013-இல் காட்டினர். அனிச்சைச் செயல் மட்டுமே என்றால் கற்றலுக்கு அங்கே இடமில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அது வலுவான வாதமாகவே படுகிறது. ஏற்காத ஆய்வாளர்களும் உள்ளனர். 2022-இல் பிரிட்டன், விலங்குகளின் உணர்திறன் பற்றிய சட்டத்தில் நண்டு, இறால், கணவாய் இனங்களையும் சேர்த்தது.

கண்காம்பை வெட்டாமலே வழி உண்டா என்றும் தேடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், கண்காம்பு வெட்டப்படாத வன்னாமி தாய் இறால்களும், தேர்ந்த உணவும் பராமரிப்பும் கிடைத்தால், பொரிப்பகத்துக்குப் போதுமான குஞ்சுகளைத் தர முடியும் என்று காட்டினர். வெளிநாட்டுப் பெரிய வாங்குவோர் சிலர் வெட்டப்படாத தாயின் வழிவந்த இறாலைக் கேட்கத் தொடங்கியுள்ளனர். இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதன் அல்லாத எந்த உயிரினமும் 'விலங்கு' என்றே வரையறுக்கிறது. சொல்லின் பொருளைப் பார்த்தால் இறாலும் நண்டும் அதற்குள் வந்துவிடுகின்றன.